கடைசி ஆள் யார்? ஹவானாவிலும் வின்யாலேஸிலும் ஒன்பது நாள்

கியூபாவின் தலைநகர் ஹவானாவில் எனக்கு முதலில் பயன்பட்ட ஸ்பானியத் தொடர் வணக்கமோ நன்றியோ அல்ல, "எல் ஊல்திமோ?" என்ற கேள்வியே. கடைசி ஆள் யார் என்பது அதன் பொருள். 2019 பிப்ரவரி 18ஆம் தேதி, திங்கட்கிழமை காலை, ஒரு நாணய மாற்று நிலையத்துக்கு வெளியே முப்பது பேராவது இருந்தார்கள். சிலர் சுவரில் சாய்ந்திருந்தார்கள். சிலர் எதிர்ப்புற நடைபாதையின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் தெருமுனையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். வரிசை என்று சொல்லத்தக்க எதுவும் என் கண்ணில் படாததால் நேரே கதவருகில் போய் நின்றுகொண்டேன். யாரும் சத்தம் போடவில்லை. ஒரு முதியவர் மட்டும் எழுந்து வந்து, எனக்காகக் கூட்டத்தைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார். நிழலிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினார். இனி நான் அவருக்குப் பின்னால். அத்துடன், அவர் யாருக்குப் பின்னால் நிற்கிறார் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று முதியவர் சொல்லிக்கொடுத்தார். ஏனெனில் அந்தப் பெண் அலுத்துப்போய் வீட்டுக்குக் கிளம்பிவிட்டால் என் இடம் எதுவென்று யாருக்கும் தெரியாமல் போகும். இவ்வளவும் தெரிந்த பிறகு எங்கு வேண்டுமானாலும் போய் உட்காரலாம். அடுத்து வருபவர் கேட்கும்போது கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஊரில் வரிசை தரையில் இல்லை, ஆட்களின் நினைவில் இருக்கிறது.

அங்கே நான் காத்திருக்க நேர்ந்ததற்கு என் அரைகுறை ஏற்பாடே காரணம். டொரண்டோவில் முதுகலைப் படிப்பில் இருந்தேன். பிப்ரவரியில் வரும் ஒரு வார விடுமுறையில், உறைபனியிலிருந்து தப்பிக்க மலிவான விமானச் சீட்டு கிடைத்த இடம் ஹவானா. பறக்கும் நேரம் நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. பயண ஆவணங்களை மட்டும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டேன். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் கியூபாவுக்குள் நுழைவதைவிடக் கனடாவுக்குத் திரும்புவதுதான் முதலில் யோசிக்க வேண்டியது. படிப்பு அனுமதி மட்டும் போதாது, மறுநுழைவுக்கான விசாவும் நடப்பில் இருக்க வேண்டும். கியூபாவின் சுற்றுலா அட்டையை விமானத்திலேயே கொடுத்தார்கள். மருத்துவக் காப்பீடு அங்கே கட்டாயம் என்பதால் அதன் கடிதத்தை அச்சிட்டு எடுத்துச் சென்றேன், யாரும் கேட்கவில்லை.

கோட்டை விட்டது பணத்தில். இரண்டு வங்கி அட்டைகளும் 500 கனடா டாலர் ரொக்கமும் என்னிடம் இருந்தன. அமெரிக்க வங்கிகளோடு தொடர்புடைய அட்டைகள் கியூபாவில் செல்லாது என்பதைப் படித்திருந்தேன். ஆனால் கனடாவில் வாங்கிய அட்டைக்குப் பின்னாலும் ஓர் அமெரிக்க வங்கி இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்று அப்படிப்பட்டது. மற்றொன்றை இயந்திரம் ஏன் மறுத்தது என்று இன்றுவரை தெரியாது. ஆகவே அந்த 500 டாலர்தான் ஒன்பது நாளுக்கும் என்றானது. அதை அமெரிக்க டாலராகக் கொண்டு போகாதது என் நல்ல நேரம். அன்றைய விதிப்படி அமெரிக்க ரொக்கத்தை மாற்றினால் 10 சதவீதம் தனியாகப் பிடித்துக்கொள்வார்கள். என் கையில் வந்தது ஏறத்தாழ 370 'கூக்'.

அந்தக் கூக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1994 முதல் கியூபாவில் இரண்டு நாணயங்கள் புழங்கின. ஒன்று மாற்றத்தக்க பேசோ, மதிப்பில் ஒரு டாலருக்குச் சமமாக வைக்கப்பட்டது, அதுதான் கூக். மற்றொன்று மக்கள் சம்பளமாக வாங்கும் தேசியப் பேசோ. ஒரு கூக்குக்கு 24 தேசியப் பேசோ. இரண்டுக்குமே விலைப்பலகையில் ஒரே டாலர் குறியைத்தான் போடுவார்கள். எது எந்த நாணயம் என்பதைக் கடையின் தோற்றத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். முதல் நாள் மாலை, கடற்கரையில் ஒருவரிடம் பழம் வாங்கி 10 கூக் தாளை நீட்டினேன். மீதியாக அவர் தந்தவற்றில் சே குவேரா முகம் போட்ட 3 பேசோ தாளும் இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் எண்ணாமல் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அத்தனையும் தேசியப் பேசோ. ஏமாந்த தொகை ஏறத்தாழ எட்டு கூக். வீட்டுக்கார அம்மா சிரித்துக்கொண்டே ஓர் அடையாளம் சொன்னார்: தாளில் மனித முகம் இருந்தால் அது எங்கள் பணம், சிலையோ நினைவுச்சின்னமோ இருந்தால் உங்கள் பணம்.

நான் தங்கியது நகரின் சென்ட்ரோ ஹவானா என்ற பகுதியில், மூன்றாம் மாடியில், குடும்பத்தார் தம் வீட்டின் ஓர் அறையை வாடகைக்கு விடும் 'காசா பர்டிகுலார்' ஒன்றில். கதவில் நங்கூரத்தைப் போன்ற நீலக் குறி இருந்தால் வெளிநாட்டவரைத் தங்கவைக்க உரிமம் பெற்ற வீடு என்று அர்த்தம். கேட்ட வாடகை 25 கூக். நான் மாணவி, தனியாக இருக்கிறேன், பணம் இவ்வளவுதான் என்று உள்ளதைச் சொன்னபோது 18க்கு இறங்கி வந்தார். பேரம் படிந்த மகிழ்ச்சி இரண்டு நாள்கூட நிற்கவில்லை. அரசு வேலையில் இருப்பவரின் சராசரி மாதச் சம்பளம் அப்போது 800 தேசியப் பேசோவுக்கும் குறைவு, அதாவது 30 கூக்கைச் சற்றே தாண்டும். பொறியாளரான அவருடைய மகன் ஒரு மாதம் உழைத்துப் பெறுவதை நான் இரண்டு இரவுத் தூக்கத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதைத் தெரிந்துகொண்ட பிறகு பேரம் பேசுவதை விட்டுவிட்டேன். கொடுக்க முடியாததை வாங்காமல் இருப்பது என்று வைத்துக்கொண்டேன்.

பழைய வீடுகளின் கூரை மிக உயரம். ஆள் பெருகியபோது அந்த உயரத்துக்கு நடுவே மரப்பரண் அடித்து ஓர் அறையை இரண்டாக்கிக்கொண்டார்கள். அதற்குப் 'பர்பகோவா' என்று பெயர். என் அறையும் அப்படி ஒன்றின் கீழ்ப்பாதி. மேலே தாத்தா நடந்தால் என் தலைக்கு மேல் பலகை முனகும். குழாயில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது. வந்த நாளில் தொட்டி நிரம்பும் ஓசை கட்டடம் முழுவதும் கேட்கும். வராத நாளில் ஒரு வாளியில் குளிக்க வேண்டும். குடிக்கும் நீரை அந்த அம்மாவும் கொதிக்கவைத்தே குடித்தார், ஆகவே நானும் அப்படியே செய்தேன். காலையில் கீழே ரொட்டிக்காரர் குரல் கொடுத்தால் மாடிகளிலிருந்து கயிற்றில் கூடைகள் இறங்கும். காசு கீழே போகும், ரொட்டி மேலே வரும்.

அந்த அம்மா என்னை "மிஹா" என்று அழைத்தார். என் மகளே என்பதன் பேச்சுவழக்குச் சுருக்கம். நம் ஊரில் முன்பின் தெரியாத பெண்ணை "கண்ணு" என்பதுபோல. முதல் காலை உணவில் தட்டில் இருந்த பழத்தை, டொரண்டோவில் மெக்சிகோ ஆசிரியை கற்றுக்கொடுத்தபடி "பப்பாயா" என்றேன். சமையலறையில் இருந்த எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான், ஹவானாவில் அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு என்றும், பழத்தை 'ஃப்ருதா பொம்பா' என்றே சொல்ல வேண்டும் என்றும் தெரிந்தது.

சைவம் உண்பவர்களுக்கு அந்த ஊர் எளிதல்ல. "இறைச்சி வேண்டாம்" என்று சொல்லி வாங்கிய ரொட்டிக்குள் பன்றித் தொடைக்கறித் துண்டு இருந்தது. விற்றவர் உண்மையாகவே வியந்தார். இறைச்சியைக் குறிக்க நான் சொன்ன 'கார்னே' என்றால் அவருக்கு முதலில் நினைவுக்கு வருவது மாட்டிறைச்சி, இது ஹாம்தானே என்றார். கறுப்பு அவரையும் அரிசியும் சேர்த்துச் சமைக்கும் 'கொங்ரி' சைவம்போலவே தெரியும். பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில் தாளித்திருப்பார்கள். எதுவெல்லாம் உண்ணமாட்டேன் என்று பொருள் பொருளாக, கொழுப்பு உட்பட, எழுதி வைத்துக் காட்டுவதுதான் பலித்தது. அதற்குப் பிறகு வேகவைத்த மரவள்ளிக்கிழங்கின் மேல் பூண்டும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் ஊற்றிய 'யூகா கோன் மோஹோ', தட்டி இருமுறை பொரித்த வாழைக்காய், முட்டை, கரும்புச்சாறு, காகிதச் சுருளில் வறுத்த வேர்க்கடலை ஆகியவற்றால் ஒன்பது நாளும் ஓடியது.

நகருக்குள் போக்குவரத்து இரண்டு வகை. 'வாவா' எனப்படும் பேருந்து. அப்போது கட்டணம் 40 சென்டாவோ, அதாவது தேசியப் பேசோவில் ஒன்றுக்கும் குறைவு, ஆனால் மூச்சுவிட இடமிருக்காது. மற்றொன்று 'அல்மென்ட்ரோன்', 1950களின் பெரிய அமெரிக்கக் கார். சுற்றுலாப் பயணிகளுக்காகப் பளபளவென்று இளஞ்சிவப்பு பூசி நிறுத்தியிருக்கும் திறந்த கார்கள் வேறு, இவை வேறு. இவை குறித்த தடத்தில் ஓடும் பகிர்வு வண்டிகள். பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது பிற்காலத்து டீசல் எஞ்சின். நெப்துனோ தெருவில் நின்று கையால் திசையைக் காட்டினால், அந்தப் பக்கம் போகும் வண்டி நிற்கும். ஏறியதும் விலை கேட்கக் கூடாது. கேட்டால் புதியவர் என்று தெரிந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் கொடுப்பதைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இறங்கும்போது கதவை அறைந்து சாத்தக் கூடாது. நான் சாத்தினேன். அந்தக் கதவுக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது என்று ஓட்டுநர் தொடங்கிய உரை எனக்குப் பாதிதான் புரிந்தது.

முகவரி கேட்கும்போது வீட்டெண்ணைவிட "எந்த இரண்டு தெருக்களுக்கு நடுவே" என்பதே அங்கு முக்கியம். வெடாடோ பகுதியில் இது மிக எளிது. கடலுக்கு இணையாகச் செல்லும் தெருக்களுக்கு ஒற்றைப்படை எண்; அவற்றைக் குறுக்கே வெட்டும் தெருக்களுக்குப் பசேயோ சாலையின் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் இரட்டைப்படை எண். இணையம் இல்லாத கைப்பேசியோடு அலைந்த எனக்கு இந்த ஒழுங்கு பெரும் துணை. கைப்பேசியில் இணையம் 2018 டிசம்பரில்தான் அங்கே பொதுமக்களுக்குக் கிடைக்கத் தொடங்கியிருந்தது. நான் நம்பியது, சுரண்டினால் கடவுச்சொல் தெரியும் இணைய அட்டையை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு கூக், அதுவும் வைஃபை கிடைக்கும் பூங்காவில் போய் உட்கார்ந்தால்தான். கிளம்புவதற்கு முன் வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொண்டது நான் செய்த சில புத்திசாலித்தனங்களில் ஒன்று.

தனியாகச் செல்லும் பெண்களுக்கு ஒரு செய்தி. நடந்துபோகும் பெண்ணைப் பார்த்து நாக்கால் ஒலி எழுப்புவதும், வருணித்து ஏதாவது சொல்வதும் அங்கே பகலிலும் நடக்கும். எரிச்சல் வந்தது, அச்சம் வரவில்லை. திரும்பிப் பார்க்காமல் அதே வேகத்தில் நடந்தால் அத்துடன் முடிந்துவிடும். இரவு பதினொரு மணிக்குக்கூட மலெகோன் கடற்சுவரில் குடும்பங்கள் குழந்தைகளோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பின்னால் வந்து நட்பு கொண்டாடி, "இன்று மட்டும் கூட்டுறவுச் சங்கத்தில் சுருட்டு பாதி விலை" என்று அழைப்பவர்கள்தான் உண்மையான தொல்லை. அப்படி ஒரு நாள் கிடையாது.

1728இல் நிறுவப்பட்ட ஹவானா பல்கலைக்கழகத்தின் அகன்ற படிக்கட்டில் ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். மாணவர்கள் தாமாகவே வந்து பேசினார்கள். படிப்புக்குக் கட்டணம் இல்லை. முடித்த பிறகு அரசு சொல்லும் இடத்தில் சில ஆண்டு சமூகப் பணி. என் கல்விக்கடன் தொகையைக் கேட்டுவிட்டு ஒரு மாணவி நெடுநேரம் பேசவில்லை. இணையம் இல்லாமல் புதிய தொடர்களை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு, 'பகேதே' என்ற ஏற்பாட்டை விளக்கினார்கள்: ஒரு டெராபைட் அளவுக்குப் படங்கள், தொடர்கள், செயலிகள், விளம்பரங்கள் எல்லாம் வாரந்தோறும் வன்தட்டில் தீவு முழுவதும் கைமாறிப் போகும், வேண்டியதை நகலெடுத்துக்கொண்டு சிறு தொகை கொடுக்க வேண்டும். உங்கள் ஊரில் இது இல்லையா என்று அவர்கள் கேட்ட தொனியில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

நகரம் அப்போது இரட்டைப் பரபரப்பில் இருந்தது. நவம்பரில் ஹவானாவுக்கு 500 வயது நிறைகிறது என்று நாடாளுமன்றக் கட்டடமான கப்பிதோலியோவின் குவிமாடத்தில் சாரம் கட்டி வேலை நடந்தது. புதிய அரசமைப்புச் சட்டத்துக்கான பொதுவாக்கெடுப்பு பிப்ரவரி 24 அன்று. கடைக் கண்ணாடி, பேருந்து எங்கும் "ஆம் என்று வாக்களிப்பேன்" என்ற சுவரொட்டி. ஆனால் படகில் விரிகுடாவைக் கடந்து ரெக்லாவில் இறங்கியபோது வேறொரு ஊரைப் பார்த்தேன். ஜனவரி 27 இரவு அடித்த சூறாவளிச் சுழல் அந்தப் பக்கத்துப் பல பேட்டைகளின் கூரைகளைப் பிய்த்தெறிந்திருந்தது, சிலர் உயிரிழந்திருந்தார்கள். மூன்று வாரம் கழித்தும் மக்கள் செங்கல்லை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ரெக்லாவின் கறுப்பு மாதா கோயிலைப் பார்க்கத்தான் போனேன். படம் எடுக்கக் கைப்பேசியை உயர்த்தியபோது, கூரையில்லாத வீட்டின் வாசலில் ஒரு பெண் தலை வாரிக்கொண்டிருந்தது சட்டகத்தில் தெரிந்தது. கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டேன். படகில் ஏறும்போது பையைச் சோதிக்கிறார்களே என்று எரிச்சலடைந்திருந்தேன். 2003இல் இப்படியொரு படகைக் கடத்திப் புளோரிடாவுக்குக் கொண்டுபோக முயன்றதன் பிறகு வந்த வழக்கம் அது என்று வீட்டுக்கார அம்மா சொன்னார்.

வின்யாலேஸ் ஹவானாவுக்கு மேற்கே ஏறத்தாழ 180 கிலோமீட்டர், பினார் டெல் ரியோ மாகாணத்தில். சுற்றுலாப் பயணிகளுக்கான பேருந்தில் 12 கூக். முன்கூட்டியே பதிவு செய்யாததால் இடமில்லை. 20 கூக்குக்குப் பகிர்வு வண்டியில் நால்வரோடு போனேன். நெடுஞ்சாலை அகலமானது, ஆனால் வெறிச்சோடிக் கிடந்தது. குதிரை வண்டிகள் ஓரமாகச் சென்றன, பாலங்களின் நிழலில் மக்கள் கூட்டமாகக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே மஞ்சள் சீருடையில் ஒருவர் நின்று, காலியாக வரும் அரசு வண்டிகளை மறித்து, ஆட்களை வந்த வரிசைப்படி ஏற்றிக்கொண்டிருந்தார். சோவியத் ஒன்றியம் விழுந்து எரிபொருள் வரத்து நின்றுபோன 1990களில் பெருகிய ஏற்பாடு. இவர்களை 'அமரீயோ', மஞ்சள்காரர் என்றே அழைக்கிறார்கள். எங்கள் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்காமல் கடந்தார்.

பள்ளத்தாக்கு திடீரென்று தெரிகிறது. சமதளமான செம்மண் நிலத்தில், அடியிலிருந்து செங்குத்தாக எழும்பி, உச்சியில் காடு முளைத்த சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள் தனித்தனியே நிற்கின்றன. 'மொகோதே' என்பார்கள். ஜுராசிக் காலத்துச் சுண்ணாம்புப் பாறையை மழைநீர் கரைத்துக் குகையாக்கி, குகைகளின் கூரை இடிந்து, கரையாமல் எஞ்சியவை இவை. உள்ளே நீர் இன்னும் குடைந்துகொண்டுதான் இருக்கிறது. சாந்தோ தோமாஸ் குகைத்தொடர் மட்டும் 46 கிலோமீட்டர் நீளம். 1999இல் யுனெஸ்கோ இந்த இடத்தைப் பண்பாட்டு நிலப்பரப்பு என்று பட்டியலில் சேர்த்தபோது பாறைக்காக மட்டும் சேர்க்கவில்லை. அதன் நடுவே மாட்டை வைத்து நடக்கும் புகையிலை விவசாயத்துக்காகவும் சேர்த்தது.

நான் தங்கிய வீட்டின் முன் தாழ்வாரத்தில், அந்தத் தெருவின் எல்லா வீடுகளிலும் போல, இரண்டு சாய்ந்தாடும் நாற்காலிகள். வந்த அன்றே மூன்று பேர் குதிரைச் சவாரிக்கு அழைத்தார்கள். அவர்கள் கூட்டிப் போகும் தோட்டத்தில் கட்டாயம் சுருட்டும் தேனும் விற்பார்கள், அழைத்து வந்தவருக்கும் அதில் பங்கு உண்டு. நான் நடந்தே, வீட்டுக்காரரின் மாமனார் நிலத்துக்குப் போனேன். எழுபது தாண்டிய 'வெகேரோ', அதாவது புகையிலை விவசாயி. என்னைப் பார்த்ததும் பேசத் தொடங்கவில்லை. ஒரு சால் உழுது முடிக்கும்வரை காத்திருக்கச் சொன்னார். நுகத்தடியில் கட்டிய இரண்டு காளைகளையும் பெயர் சொல்லித்தான் அதட்டினார். டிராக்டர் மண்ணை அழுத்திக் கெட்டிப்படுத்திவிடும், மாடு அப்படிச் செய்யாது என்றார். அது உண்மைதான் என்றாலும், டீசல் இருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. நான் கேட்கும் முன்பே அவரே சொன்னார்: "எண்பதுகளில் டிராக்டரில்தான் உழுதோம்."

நாற்றங்காலில் ஏறத்தாழ 45 நாள், பிறகு நடவு, மொட்டு வந்ததும் கிள்ளிவிடுதல்; அப்போதுதான் செடியின் பலம் இலைக்குப் போகும். அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை. செடியை ஒரேயடியாக வெட்டுவதில்லை. அடி இலையில் தொடங்கி, சில நாள் இடைவெளி விட்டு, இரண்டு மூன்று இலைகளாக மேல்நோக்கிப் பறிக்கிறார்கள். நான் போனது சரியாக அந்தப் பருவத்தில். அரை நாள் நானும் இலை சுமந்தேன். கையில் ஒட்டிய பிசின் சோப்புக்குப் போகவில்லை, செம்மண் கறை என் காலணியில் இன்னும் இருக்கிறது. பறித்த இலையை இணை இணையாகத் தைத்து நீண்ட கழிகளில் மாட்டி, உலர்த்தும் கொட்டகைக்குள் அடுக்கடுக்காக ஏற்றுகிறார்கள். கொட்டகையின் முகப்பு கிழக்கையும் மேற்கையும் பார்த்திருக்கும். வெயில் காலையில் ஒரு முனையிலும் மாலையில் மறுமுனையிலும் மட்டும் படுவதால் உள்ளே இலை மெதுவாகக் காயும். சுவர் அரசப்பனைப் பலகை, கூரை ஓலை. உள்ளே போனால் ஈர மண்ணும் தேனும் கலந்ததுபோல் ஒரு மணம். நான் புகைப்பவள் அல்ல. ஆனால் அந்தக் கொட்டகையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கச் சொன்னாலும் இருப்பேன்.

விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்கு அரசு சொல்லும் விலைக்குப் போகிறது. எஞ்சிய ஒரு பங்கைத்தான் வீட்டில் சுருட்டி, பெயர்ச்சீட்டு ஒட்டாமல் வருகிறவர்களுக்கு விற்கிறார்கள். இலையின் நடுநரம்பை உருவி எறிந்துவிட்டு, நிக்கோட்டின் முழுவதும் அதில்தான் இருக்கிறது, ஆகவே என் சுருட்டு உடம்புக்குக் கெடுதல் செய்யாது என்றார் அந்தப் பெரியவர். பள்ளத்தாக்கில் இருக்கும் எல்லா விவசாயிகளும் இதையே சொல்கிறார்கள். இது தவறு, நரம்பைவிட இலைப்பரப்பில்தான் நிக்கோட்டின் அதிகம். விருந்தாளியாக இருந்ததால் வாதிடவில்லை. அதற்குப் பதில், ஆங்கிலத்தில் ஒரு வகைச் சுருட்டை 'செரூட்' என்கிறார்கள், அது எங்கள் 'சுருட்டு' என்ற சொல்லிலிருந்து போனது என்று சொன்னேன். "சு-ரு-த்து" என்று மூன்று முறை சொல்லிப் பார்த்தார். ஐந்து சுருட்டுகள் வாங்கினேன். பெட்டியும் முத்திரையும் இல்லாத சுருட்டு 20 வரை கியூபாவிலிருந்து வெளியே கொண்டுபோகலாம்; சுங்கத்தில் பிரச்சினை வரவில்லை.

பார்க்க வேண்டிய இடங்கள் என்று எல்லோரும் சொல்பவற்றில், பாறைமுகத்தில் 120 மீட்டர் உயரத்துக்கு வரைந்துள்ள 'வரலாற்றுக்கு முந்தைய காலம்' என்ற சுவரோவியத்தைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்தப் பாறையை வெறுமனே விட்டிருக்கலாம். இந்தியோ குகையின் நிலத்தடி ஆற்றுப் படகுப் பயணம் தொடங்கியதும் முடிந்துவிடுகிறது. அதற்கான பணத்தில் இன்னும் ஒரு வேளை அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கலாம்.

சனிக்கிழமை திரும்ப வேண்டும். முதலில் பயணிகளை ஏற்றும் லாரியில், சில தேசியப் பேசோவுக்கு, பினார் டெல் ரியோ நகரம்வரை நின்றுகொண்டே போனேன். மலிவாகப் போன பெருமை எனக்கு; ஆனால் நிறுத்தத்தில் இடமில்லாமல் கீழே நின்றுவிட்ட ஓர் ஆசிரியை, "உங்களுக்கு வேறு வண்டி கிடைக்கும், எனக்கு இதுதான்" என்று கோபமில்லாமல் சொன்னார். அங்கிருந்து ஹவானாவுக்குக் கூக்கில் பகிர்வு வண்டி பிடித்தேன். உள்ளூர்க்காரரைப் போலவே பயணம் செய்வேன் என்று கிளம்பும் மாணவர்கள் இதை முன்பே யோசிப்பது நல்லது: மானிய விலை இருக்கை ஒன்றை எடுத்தால், அதற்காக ஒரு மணி நேரம் காத்திருந்தவர் அடுத்ததற்குக் காத்திருப்பார்.

ஞாயிறு காலை விமானம். வீட்டுக்கார அம்மா தெருமுனைப் பள்ளியின் வாக்குச்சாவடியில் வரிசையில் இருந்தார். சீருடை அணிந்த பள்ளிப் பிள்ளைகள் இருவர் பெட்டிக்குக் காவல் நின்று, ஒவ்வொரு சீட்டு விழும்போதும் வணக்கம் வைத்தார்கள். என்னிடம் மீந்திருந்த பாராசிட்டமால், வயிற்றுப்போக்கு மாத்திரை, சோப்பு எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்தேன். மருந்துக்கடைகளில் அவை கிடைப்பதில்லை. யாருக்குத் தேவை என்பது அவருக்குத்தான் தெரியும். தெருவில் குழந்தைகளுக்குப் பேனாவும் மிட்டாயும் வீசிவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் பயணிகளை அந்த வாரத்தில் இரண்டு முறை பார்த்தேன். அதை மட்டும் செய்யாதீர்கள்.

நான் எழுதியதில் பல இப்போது பொருந்தாது. 2021 ஜனவரி 1 முதல் கூக் ஒழிக்கப்பட்டது. பிறகு தேசியப் பேசோவின் மதிப்பு வெகுவாகச் சரிந்து, அரசு விகிதத்துக்கும் தெரு விகிதத்துக்கும் இடைவெளி ஒரு கட்டத்தில் பல மடங்கானது. எனவே தேவைக்குச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்வது நல்லது. சிறு தாள்களாக யூரோவோ கனடா டாலரோ வைத்திருக்க வேண்டும். சுற்றுலா அட்டைக்குப் பதில் மின்விசா வந்துவிட்டது, வருகைப் படிவத்தையும் இணையத்திலேயே நிரப்ப வேண்டும். 2024 அக்டோபரில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. அதன் பிறகும் பலமுறை நின்றிருக்கிறது. கைவிளக்கும் பவர் பேங்கும் இல்லாமல் போகாதீர்கள்.

2022 செப்டம்பர் 27 அன்று இயன் புயல் பினார் டெல் ரியோவைத் தாக்கி ஆயிரக்கணக்கான புகையிலைக் கொட்டகைகளைச் சாய்த்தது. ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து வின்யாலேஸ் வீட்டிலிருந்து குரல் செய்தி வந்தது. மாமனாரின் கொட்டகை மொத்தமாக விழுந்துவிட்டது; காளைகள் இரண்டும் பிழைத்தன. உடையாத பனைப் பலகைகளைப் பொறுக்கி எடுத்து, முன்பைவிடச் சிறிதாக ஒன்றை அதே இடத்தில், அதே கிழக்கு மேற்காக எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஓலை வேய்கிறவர் ஊரில் ஒருவர்தான் இருக்கிறாராம். அவருக்காகக் காத்திருக்கும் வரிசையில் அவர்களுக்கு முன்னே இன்னும் பதினான்கு கொட்டகைகள்.